கரண்ட் போனால் போன் பேசுமா?

வீட்டு லேண்ட்லைனை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டுக்கொள்ளலாமா என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது கேட்கிறார்கள். தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். செம்புக் கம்பியைக் கட்டிக்கொண்டு அழுவதில் பிரயோஜனமில்லை. மழை பெய்தால் கரகரப்பு, ரோடு போடுகிறவர்கள் குழி தோண்டினால் வாரக்கணக்கில் டயல் டோன் கிடையாது. கேபிளையே வெட்டிக்கொண்டு போய் எடைக்குப் போடுகிற கூட்டம் வேறு. ஆனால் கனெக்‌ஷன் விற்க வருகிறவர் வேகத்தைப் பற்றிப் பேசுவார், வாடகையைப் பற்றிப் பேசுவார், கரண்டைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார்.

பழைய போனுக்கு நம் வீட்டுக் கரண்ட் தேவைப்பட்டதே இல்லை. எக்ஸ்சேஞ்சில் அடுக்கி வைத்திருக்கும் பேட்டரிகளிலிருந்து 48 வோல்ட் அந்த இரண்டு கம்பியிலேயே வந்துவிடும். மணி அடிக்க அதைவிடக் கூடுதல் வோல்டேஜ் அனுப்புவார்கள். வயரைத் திருகிக்கொண்டிருக்கும்போது கால் வந்து சுருக்கென்று வாங்கியவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். கரண்ட் போனால் அங்கே ஜெனரேட்டர் ஓடும். ஊரே இருட்டில் கிடந்தாலும் நம் வீட்டில் டயல் டோன் கேட்டது அதனால்தான்.

ஃபைபரில் வருவது கண்ணாடி இழைக்குள் ஒளி. அதில் மின்சாரம் வராது. அந்த ஒளியைப் பேச்சாக மாற்றுகிற பெட்டி நம் வீட்டு பிளக்கை நம்பித்தான் இருக்கிறது. அதாவது, இத்தனை வருஷம் டெலிபோன்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்த பேட்டரி வேலை இப்போது நம் தலையில். ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல்.

கரண்ட் அதிகம் போகாத ஊர்களில் இது ஒரு விஷயமாகவே தெரியாது. நம் கிருஷ்ணகிரிப் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் மதியம் தாண்டித்தான் வரும். கோடை மழையில் காற்று பிடித்துக்கொண்டால் மரத்தில் மாங்காயும் மிஞ்சாது, கம்பத்தில் லைனும் மிஞ்சாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதே, பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்ற வண்டிகளைத் தண்ணீர் உருட்டிக்கொண்டு போன வீடியோவைப் பார்க்காதவர் உண்டா? செல்போன்தான் இருக்கிறதே என்பீர்கள். டவரும் கரண்ட் இல்லாத நேரத்தில் பேட்டரியில்தான் நிற்கிறது. நெடுநேரம் வராவிட்டால் அதுவும் படுத்துவிடும்.

காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்கள் வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், ரிசீவரைக் காதோடு அழுத்திப் பேசினால்தான் அவருக்குத் தோது. ராத்திரி நெஞ்சு வலி என்றால் 108-க்கு அடிக்க வேண்டியதும் அதில்தான். ஃபைபர் மாட்ட வந்த பையன்கள், வயர் உள்ளே நுழைகிற இடத்திலேயே, வாசல் நிலைக்கு மேலே பெட்டியை அடித்துவிட்டுக் கிளம்பப் பார்த்தார்கள். அந்த பிளக் பாயின்ட் இன்வெர்ட்டரில் சேராதது. டிவிக்குப் பக்கத்தில் இன்வெர்ட்டர் லைன் இருக்கிறது, அங்கே கொண்டுபோய் வையுங்கள் என்றேன்.

“வயர் எக்ஸ்ட்ரா ஆகும் சார்.”

“ஆகட்டும் தம்பி, இழுங்க.”

இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு ரௌட்டர் யுபிஎஸ் என்று கைக்கு அடக்கமாக ஒன்று கடைகளில் கிடைக்கிறது. பெட்டியோடு வந்த அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் 12 வோல்ட். அதற்குப் பொருந்துவதாகப் பார்த்து வாங்குங்கள், கடைக்காரர் கையில் கிடைத்ததை எடுத்து நீட்டுவார். சில மணி நேரம் தாங்கும், முழுநாள் பராமரிப்புக்கு அது போதாது.

பழைய பட்டன் போனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெட்டியின் பின்னால் போன் வயர் சொருகத் தனித் துளை இருக்கும், அதிலேயே மாட்டிக்கொள்ளலாம். கார்ட்லெஸ் வாங்கினால் அதன் அடித்தட்டுக்கும் தனியாகக் கரண்ட் வேண்டும், அதையும் இன்வெர்ட்டரில் சேர்க்க வேண்டிவரும். விரல் விட்டுச் சுற்றும் போன் பல பெட்டிகளில் வேலை செய்யாது. (அழகுக்கு வைத்துக்கொள்ளலாம்.) நம்பரையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். அதே கம்பெனியின் ஃபைபருக்குப் போனால் 04343 என்று தொடங்கும் பழைய நம்பரைத் தக்கவைத்துக்கொள்ள வழியுண்டு. வேறு கம்பெனிக்குப் போனால் புது நம்பர்தான். செல்போன் நம்பரைக் கம்பெனி விட்டுக் கம்பெனி எடுத்துப்போகிற வசதி லேண்ட்லைனுக்கு இங்கே இல்லை.

அறுந்தால் சரி செய்வதும் பழைய மாதிரி இல்லை. செம்புக் கம்பி என்றால் லைன்மேன் கம்பத்தில் ஏறி முறுக்கிவிட்டு இறங்குவார். வைக்கோல் பாரம் ஏற்றின டிராக்டர் ஃபைபரை இழுத்துக்கொண்டு போனால், இழையை உருக்கி ஒட்டுகிற மெஷின் வந்து சேரும்வரை பெட்டியில் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். அதற்கு எந்த பேட்டரியும் உதவாது.

அமெரிக்காவில் 2015-லேயே இதற்கு விதி போட்டார்கள். இப்படி மாறுகிற வீடுகளுக்கு, 8 மணி நேரம் தாங்குகிற பேட்டரி வேண்டுமா என்று கம்பெனி கேட்டே ஆக வேண்டியிருந்தது. கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு 24 மணி நேரம் தாங்குகிற பேட்டரியையும் அதோடு சேர்த்தார்கள். ஓசியில்லை, காசுக்குத்தான். 2025-ல் அந்த விதி காலாவதியாகிவிட்டது. இங்கே பேட்டரிகூட வேண்டாம், விண்ணப்பத்தில் தமிழில் ஒரு வரி பெரிய எழுத்தில் போடட்டும்: மின்சாரம் இல்லாதபோது இந்தப் போன் இயங்காது. வயசானவர்கள் தனியாக இருக்கிற வீட்டில் இதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது என் கணக்கில் ஏமாற்று வேலை.

மாட்ட வருகிற ஆள் வேலையை முடித்ததும் மெயின் சுவிட்சை இறக்குங்கள். ரிசீவரை எடுத்து அவசர எண் 112 வேண்டாம், உங்கள் செல்போனுக்கே அடித்துப் பாருங்கள். முன்னால் 0 சேர்க்க மறக்க வேண்டாம், 2021 ஜனவரியிலிருந்து லேண்ட்லைனில் அப்படித்தான். மணி அடித்தால் கையெழுத்துப் போடுங்கள். அடிக்காவிட்டால் ஆளை உட்காரவைத்து ஒரு டீ கொடுத்து, பெட்டியை இன்வெர்ட்டர் பாயின்டுக்கு மாற்றச் சொல்லுங்கள்.