நிறை குறைந்தால் தாயின் பக்கத்தில் போய் உட்காருங்கள்

பிறந்த பிள்ளையின் நிறை முதல் சில நாட்களில் குறையத்தான் செய்யும். நூற்றுக்கு ஏழு வரை குறைவது வழக்கம். பத்தை நெருங்கினால் பாலூட்டலைக் கவனமாகப் பார்க்க வேண்டும். 2.8 கிலோவில் பிறந்த பிள்ளை மூன்றாம் நாள் 2.6 கிலோ இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஒழுங்காகப் பால் குடித்தால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் பிறந்த நிறைக்கு வந்துவிடும்.

இதைத் தமிழில் சொல்ல இலங்கையில் நம் மலையக ஆஸ்பத்திரி வார்டுகள் பலவற்றில் ஆளில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். தம்பி மனைவிக்குப் பிள்ளை கிடைத்தபோது நான்தான் துணைக்கு நின்றேன். மிஸ் (தாதி) வந்து பிள்ளையை நிறுத்தார், எழுதினார், "பர அடுயி" என்று சிங்களத்தில் சொன்னார், அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நிறை குறைவாம் என்பது மட்டும் அவளுக்கு விளங்கியது. பகல் சாப்பாட்டு நேரத்துக்குள் "பால் பத்தலையாம்" என்று தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயம் வரைக்கும் செய்தி போய், பால்மா டின் வந்து சேர்ந்தது.

மிஸ்மாரைக் குறை சொல்லவில்லை. ஒருவர் எத்தனை கட்டிலைத்தான் பார்ப்பார்? ஆனால் நிறுப்பது எதற்காக? எண் இறங்கினால் பிள்ளை பால் குடிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதற்காக. தாடை மார்பில் பதிந்திருக்கிறதா, கீழ் உதடு வெளியே மடிந்திருக்கிறதா, விழுங்கும் சத்தம் கேட்கிறதா? அதைப் பார்க்காமல் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால், பிள்ளை வயிறு நிறைந்து தூங்கிவிடும். மார்பைச் சப்பாது. சப்பாவிட்டால் சுரப்பும் குறையும். அப்புறம் "பால் பத்தலை" என்பது உண்மையாகவே ஆகிவிடும். மேலதிகப் பால் தேவைப்படும் பிள்ளைகளும் உண்டு, சரி. அதை டொக்டர் சொல்லட்டும். அப்போதும் முதலில் தாயின் பாலையே பீச்சிக் கோப்பையில் கொடுக்கலாம்.

நம் குளிருக்குப் பிள்ளையைத் தொப்பி, மேஸ், துவாய் என்று சுற்றி வைக்கிறோம். ஒருநாள் உடுப்போடும் மறுநாள் உடுப்பில்லாமலும் நிறுத்தால் அந்தக் கணக்கில் என்ன அர்த்தம்? அறையைச் சூடாக்கி, உடுப்பைக் கழற்றி, சட்டென்று நிறுத்துத் தாயின் நெஞ்சில் போட வேண்டும். தோட்டங்களில் நிறை குறைந்து பிறக்கும் பிள்ளைகள் அதிகம். அவர்களுக்கு ஒவ்வொரு கிராமும் முக்கியம்.

இன்னொன்று. சுகப்பிரசவமானால் மறுநாளே துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நிறை அதிகம் இறங்குவதோ மூன்றாம் நாள் வாக்கில், லயக் காம்பராவில். ஆகவே அனுப்பும் நாளின் நிறையைப் பிள்ளையின் கார்டில் எழுதி, எவ்வளவு வரை குறையலாம் என்பதையும் தமிழில் எழுதிக் கொடுங்கள். தோட்டத்து மிட்வைஃப் வீட்டுக்கு வரும்போது தராசோடு வரட்டும்.