யாப்பு என்றால் தேமா புளிமா மட்டுமா?

யாப்பு, அதாவது செய்யுள் இலக்கணம், என்று சொன்னதும் பலருக்கு நினைவு வருவது பள்ளிக்கூடத் தமிழ்த் தேர்வுதான். குறளை அசை பிரித்து, நேர் நிரை போட்டு, தேமா புளிமா எழுதி, கடைசிச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று ஒரு வாய்பாட்டைக் கொடுத்துவிட்டால் மதிப்பெண் வந்துவிடும். அந்தக் கேள்வியில் குறளின் பொருளுக்கு வேலையே இல்லை. இப்படிப் படித்து வந்தவர்களுக்கு யாப்பு ஒரு கணக்கு. கவிதை எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு அது கால்விலங்கு. ஒரு நல்ல சொல்லை இப்படிச் சுருக்கி வைத்திருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

'யா' என்பது வேர். யாத்தல் என்றால் கட்டுதல், பிணைத்தல். அதிலிருந்து வந்தது யாப்பு. உடம்பைக் குறிக்கும் யாக்கையும் அதே வேர்தான். எலும்பும் நரம்பும் தோலுமாகச் சேர்த்துக் கட்டியது என்பதால் அந்தப் பெயர். 'ஆக்கையாற் பயனென்' என்று அப்பர் பாடும்போது வரும் ஆக்கையும் இதுவே. கட்டப் பயன்படும் நாருக்கும் ஆக்கை என்ற பெயர் உண்டு.

செய்யுளும் உடம்பும் ஒரே வேரில் பிறந்ததை நம் இலக்கணக்காரர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை ஆறையும் 'உறுப்பு' என்றே சொன்னார்கள். யாப்பருங்கலக் காரிகையின் முதல் இயலுக்குப் பெயரே உறுப்பியல். நன்னூல் இன்னும் வெளிப்படை: பலவகைத் தாதுக்களால் ஆன உடல் உயிருக்கு இடமாவதுபோல, பல சொற்களால் பொருளுக்கு இடமாகச் செய்வது செய்யுள் என்கிறது. உயிரைத் தள்ளிவைத்துவிட்டு உறுப்பை மட்டும் எண்ணச் சொல்லவில்லை.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது தொல்காப்பியம் சொல்லும் விளக்கம். செய்யுளியல் 34 உறுப்புகளை அடுக்குகிறது, அதில் யாப்பும் ஒன்று. யாப்பு என்றால் என்ன? 'எழுத்து முதலா ஈண்டிய அடியில் குறித்த பொருளை முடிய நாட்டல்'. எழுத்தில் தொடங்கிச் சேர்ந்து வரும் அடிகளுக்குள், சொல்ல நினைத்த பொருளை முழுமையாக நிறுத்துவது. அளவும் இருக்கிறது, ஆனால் அளவு எதற்காக என்பதும் அதே வரியில் இருக்கிறது. அப்புறம் இன்னொரு இடத்தில் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்று ஏழையும் யாப்பின் வழியில் சேர்க்கிறது. உரைநடைக்கும் யாப்பு உண்டு, விடுகதைக்கும் உண்டு, பாட்டி சொல்லும் பழமொழிக்கும் உண்டு!

இதைப் படித்தபிறகு, யாப்பை உடைத்துவிட்டோம் என்று சொல்லும் புதுக்கவிதைக்காரர்களோடு எனக்குச் சண்டை இல்லை. வரியை எங்கே முறிப்பது, எந்தச் சொல்லை முன்னால் வைப்பது என்று அவர்களும் யாத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் விட்டது வெண்பா, ஆசிரியப்பா போன்ற பா வகைகளுக்கு உரிய தளையை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் முறையை. பொருள் என்ன ஆனது என்று பார்க்காமல் 'தளை தட்டுகிறது' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிற மரபுக்காரர்களிடம்தான் கொஞ்சம் கோபம்.

இலங்கைத் தமிழர்கள் இந்தச் சொல்லை அகலமாகவே புழங்குகிறார்கள். நாங்கள் இங்கே அரசியலமைப்புச் சட்டம் என்று சொல்வதை அவர்கள் அரசியல் யாப்பு என்றும் சொல்வார்கள். 1978ஆம் ஆண்டு யாப்பு, யாப்புத் திருத்தம் என்று செய்தியில் சாதாரணமாக வரும். ஊர்ச் சங்கத்தின் விதிகளுக்கும் யாப்பு என்றுதான் பெயர். ஒரு நாட்டின் உறுப்புகளை, ஒரு சங்கத்தின் உறுப்பினர்களைக் கட்டி நிறுத்துவது என்ற பொருளில் அது எவ்வளவு சரியாகப் பொருந்துகிறது!

தமிழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அசை பிரிக்கக் கற்றுக்கொடுங்கள், அது தேவைதான். ஆனால் அதற்கு முந்தைய வகுப்பில் யாக்கையையும் யாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் பலகையில் எழுதி, தொல்காப்பியத்தின் அந்த விளக்கத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து படியுங்கள். தேமா புளிமா அடுத்த நாள் வரட்டும்.