உணர்ச்சி இல்லாதவன்தான் சரியா முடிவெடுப்பானா?

"உணர்ச்சின்னாலே பகுத்தறிவுக்கு எதிரி, அது இல்லாதவன்தான் கரெக்டா முடிவெடுப்பான், சயின்ஸே நிரூபிச்சிடுச்சு"ன்னு மேல ஒருத்தர் போட்டிருக்கார், அதுக்கு இத்தனை லைக் வேற. சயின்ஸ் காட்டுறது கிட்டத்தட்ட தலைகீழ். நரம்பியல் டாக்டர் அன்டோனியோ டமாசியோ பார்த்த ஒரு நோயாளிக்கு மூளையில கட்டி, அதை எடுத்தப்போ நெத்திக்குப் பின்னால இருக்கிற பகுதி சேதமாயிடுச்சு, ஐக்யூ, ஞாபகம், பேச்சு எல்லாம் ஓகே, ஆனா உணர்ச்சி மட்டும் மழுங்கிப் போச்சு, அப்புறம் எது முக்கியம் எது முக்கியமில்லன்னு பிரிக்கவே முடியாம வேலை போய், சேமிப்பு போய், குடும்பமும் போச்சு. லாஜிக் அப்படியேதான் இருந்துச்சு, பாருங்க!

அதுக்காக எல்லா உணர்ச்சியும் நியாயம்னு சொல்ல வரல. பயத்துக்குள்ளயே "இது ஆபத்து"ங்கிற ஒரு கணிப்பு இருக்கு, ஆபத்து நிஜம்னா அந்தப் பயம் அறிவுள்ளதுதான், கயிறுன்னு தெரிஞ்ச பிறகும் பாம்புன்னு நடுங்கினா அது இல்ல. கோபத்தையும் யார் மேல, எவ்வளவு, எப்போன்னு பார்த்துத்தான் எடை போடணும்னு அரிஸ்டாட்டில் கி.மு. 4ஆம் நூற்றாண்டுலயே சொல்லிட்டார். முடிவெடுக்க உணர்ச்சியும் தேவைங்கிற டமாசியோவோட தியரிக்கும் விமர்சனம் இருக்கு, அதைப் பத்தி தாராளமா சண்டை போடலாம், ஆனா அந்த "நிரூபிச்சிடுச்சு"வ மட்டும் எடுத்துடுங்க ப்ரோ.