ஜெனரேட் பண்ண கோடு தானா மாறாது
தம்பி, ஓப்பன்ஏபிஐ ஸ்பெக்ல (சர்வர்கிட்ட என்ன கேக்கலாம், என்ன பதில் வரும்னு எழுதி வச்ச ஃபைல்) இருந்து ஒருவாட்டி ஜாவாஸ்கிரிப்ட் கிளையண்ட் (சர்வரோட பேசுற கோடு) ஜெனரேட் பண்ணிட்டா, சர்வர் மாறுறப்ப அதுவும் தானா மாறிக்கும்னு போட்டிருக்கீங்க. அப்படி இல்லப்பா. ஜெனரேட்டர் ஓடுன நேரத்துல ஸ்பெக்ல என்ன இருந்துச்சோ அத வச்சு ஃபைல் எழுதிட்டு போயிரும், அவ்வளவுதான். நீங்களே பாக்கலாம், மண்டபம் ஊருக்கு நீங்க பண்ற மீன் விலை ஆப்லயே சர்வர்ல 'விலை' ஃபீல்டை 'கிலோ_விலை'ன்னு மாத்திட்டு, ஜெனரேட் பண்ணாம பேஜை ரீலோட் பண்ணுங்க, எஃப்12 நெட்வொர்க் டேப்ல வர்ற ரெஸ்பான்ஸ்ல புதுப் பேரு இருக்கும், ஜெனரேட்டர் எழுதுன மாடல் ஃபோல்டர்ல உள்ள ஃபைலைத் திறந்தா பழைய பேருதான் கிடக்கும், கோடுல அந்த விலை அன்டிஃபைண்டா, அதாவது மதிப்பே இல்லாம வரும். ஏலம் போற நேரத்துல யாவாரிக்கு விலை தெரியாமப் போனா பெரிய கஷ்டம், அதனால சர்வரையும் ஸ்பெக்கையும் மாத்துனா உடனே திரும்ப ஜெனரேட் பண்ணிருங்க.