பக்கத்து வளவில் கட்டிக் கிடக்கிற நாய்

மதிலுக்கு மேலால் போனை நீட்டி எடுத்த அந்தப் படத்தை இப்போதைக்கு முகநூலில் போட வேண்டாம். எலும்பு தெரிகிற நாய், பின்னால் வீட்டு இலக்கம், மேலே கோபத்தில் நாலு வரி. இரவுக்குள் ஊரெல்லாம் பகிரும். விடிந்து போய்ப் பார்த்தால் நாய் அங்கே இருக்காது. அவமானப்பட்ட வீட்டுக்காரர் அதை ஓட்டோவில் ஏற்றி, தூரத்தில் ஏதோ ஒரு சந்தையடியில் இறக்கிவிட்டு வந்திருப்பார். கட்டியபடியே வளர்ந்த நாய்க்கு வாகனம் தெரியாது, மற்ற நாய்களின் எல்லையும் தெரியாது. ரோட்டில் அது எத்தனை நாளைக்குத் தாங்கும்?

கொடூரமான ஆட்கள் இல்லாமல் இல்லை. ஆனால் கொழும்பில் அதைவிட அதிகமாகக் காண்பது பொறுப்பாளி இல்லாத நாயைத்தான். ஆசைப்பட்டு வாங்கிய மகன் கனடாவுக்குப் போய்விட்டான். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், படி இறங்க ஏலாது. வளவு பார்க்கிறவர் காலையில் ஒருதரம் சோறு வைத்துவிட்டுப் போகிறார். 2022 பொருளாதார நெருக்கடியில் இறக்குமதித் தீன் விலை ஏற, பல வீடுகளில் அளவும் குறைந்தது, ஊசியும் தள்ளிப்போனது. இப்படியான வீட்டில் சண்டை பிடித்து எதைச் சாதிக்கப் போகிறோம்? யார் கையில் முடிவு இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

அதற்கும் முதல் ஒழுங்காகப் பாருங்கள். ஒரு தடவை எட்டிப் பார்த்தது காணாது. உடனடி ஆபத்து இல்லையென்றால் நாலைந்து நாளைக்கு, காலை பதினொரு மணிக்கும் பின்னேரம் மூன்று மணிக்கும் பாருங்கள். காலையில் நிழலாக இருந்த இடம் பின்னேரம் அடுப்பாக இருக்கும். வெள்ளவத்தையில் கடல் பக்கம் பார்த்த ஃபிளாட் பல்கனிகளில் மதியம் திரும்பினால் வெயில் நேரே தரையில் விழும். ஏப்ரலில் சூரியன் தலைக்கு நேரே வருகிற நாட்களில் கொங்கிறீட் தரையில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் அதில் வேகும்.

தண்ணீரைக் கவனியுங்கள். நாய்க்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 தொடக்கம் 60 மில்லிலீற்றர் வேண்டும். பத்துக் கிலோ நாய்க்கு அரை லீற்றருக்குக் குறையாமல்; எங்கள் வெக்கைக்கு அதற்கும் மேல். பல இடங்களில் தண்ணீர் வைக்கிறார்கள், ஆனால் நாய்க்குக் கிடைப்பதில்லை. நாலடிச் சங்கிலியைத் தூணில் கட்டியிருப்பார்கள். நாய் தூணை இரண்டு சுற்றுச் சுற்றினால் சங்கிலி ஒன்றரை அடியாகிவிடும். பிளாஸ்டிக் பேசின் அதில் தட்டுப்பட்டுக் கவிழும், இல்லாவிட்டால் எட்டாத தூரத்தில் இருக்கும். சட்டி இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், நாயின் வாய் அதற்கு எட்டுகிறதா என்று பாருங்கள்.

மெலிவை அளக்க ஒரு வழி. உங்கள் கையை விரித்துப் புறங்கையைத் தடவுங்கள். நல்ல உடம்புள்ள நாயின் விலா அப்படித்தான் இருக்கும். கையைப் பொத்தி விரல் மூட்டுகளைத் தடவுங்கள்; அப்படி இருந்தால் மெலிவு அதிகம். தொட முடியாத நாயென்றால் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் தூரத்திலிருந்தே துருத்தித் தெரிகிறதா என்று பார்க்கலாம். கடைசி ஓரிரு விலா தெரிவது குட்டை மயிர் நாய்களில் சாதாரணம். பொமரேனியன் மாதிரிச் சடை நாயில் மயிர் எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். மெலிந்த நாயெல்லாம் பட்டினி நாய் இல்லை. உண்ணிக் காய்ச்சல், சிறுநீரக வருத்தம், நீரிழிவு, குட்டிக்குப் பால் கொடுப்பது, முதுமை, எல்லாமே மெலிய வைக்கும். வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிற நாயாகக்கூட இருக்கலாம். ஆகவே மெலிவோடு சேர்ந்து வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள்: நகம் வளைந்து பாதத்துக்குள் போகிறதா, காதுக்குள் உண்ணி கொத்தாக இருக்கிறதா, நாட்கணக்கான மலத்துக்கு நடுவில் படுக்கிறதா, முழங்கையில் ஆறாத புண் இருக்கிறதா.

கழுத்தைக் கட்டாயம் பாருங்கள். குட்டியில் போட்ட பட்டியை மாற்றாமல் விட்டால், நாய் வளர வளரப் பட்டி தோலுக்குள் இறங்கும். வெளியே பட்டியே தெரியாது. கழுத்தைச் சுற்றி ஈரமான ஒரு கோடு, அதில் ஒட்டிய மயிர், விடாமல் மொய்க்கிற இலையான், கிட்டப் போனால் அழுகல் மணம். நாய் தலையைத் திருப்பாமல் முழு உடம்பையும் திருப்பும். அப்படிக் கண்டால் நாலைந்து நாள் பார்க்கிற கதையே இல்லை, அன்றைக்கே மிருக வைத்தியர். கத்தரிக்கோலோடு நீங்கள் வெட்டப் போகாதீர்கள், இரத்தம் நிற்காமல் போகலாம். நாக்கு கடும் சிவப்பாகி, வாய் பிளந்து மூச்சிளைத்து, எழும்ப முடியாமல் கிடக்கிற நாய்க்கும் அன்றைக்கே உதவி வேண்டும். அது வெக்கை அடித்தது. சாதாரண குழாய்த் தண்ணீரால் உடம்பை நனைத்து, காற்றுப் படவிட்டு, வைத்தியரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

கண்டதை எழுதி வையுங்கள். திகதி, நேரம், சட்டியில் தண்ணீர் இருந்ததா, நிழல் இருந்ததா, நாய் எழும்பியதா. படத்தை உங்கள் வளவிலிருந்தோ ரோட்டிலிருந்தோ எடுங்கள். கேற்றைத் தாண்டி உள்ளே போனால் அது அத்துமீறல், நாயை அவிழ்த்துக்கொண்டு வந்தால் களவு. பிறகு பொலிஸில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்களாகிவிடுவீர்கள்.

மதிலுக்கு மேலால் சாப்பாடு எறிவதும் வேண்டாம். அவித்த கோழி எலும்பு சிராய் சிராயாக உடைந்து குடலைக் கிழிக்கும். நெடுநாள் பட்டினி கிடந்த நாய்க்கு ஒரேயடியாக வயிறு நிறையப் போட்டால் இரத்தத்தில் உப்புச் சத்துகள் குழம்பி அதுவே ஆளை முடித்துவிடும். சிறு சிறு பங்காக, வைத்தியர் சொல்லுகிறபடிதான் ஏற்ற வேண்டும். அதோடு, நாளைக்கு அந்த நாய்க்கு ஏதும் நடந்தால் நஞ்சு வைத்தது நீங்கள் என்பார்கள். இன்னும் இரண்டு: சொறிக்குக் கழிவு ஒயில் பூசுவதும், காய்ச்சலுக்குப் பனடோல் கொடுப்பதும். ஒயில் தோலாலும் நக்கும்போது வாயாலும் உள்ளே போகும். பனடோல் ஈரலைக் கெடுக்கும். இரக்கத்தில் செய்கிறவர்கள்தான் இந்த இரண்டையும் செய்கிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிறகு போய்க் கதையுங்கள். தனியாக, அல்லது இரண்டு பேராக. ஐந்து பேர் திரண்டு போனால் அது பஞ்சாயத்து. குற்றத்தைச் சொல்லித் தொடங்காமல் கண்டதைச் சொல்லித் தொடங்குங்கள். "அங்கிள், உங்கட நாயின்ர பின்னங்காலில ஒரு புண் தெரியுது, கண்டனீங்களோ?" அடுத்த வசனத்திலேயே கையால் செய்யக்கூடிய ஒரு உதவி இருக்க வேண்டும். "பின்னேரத்தில நான் வந்து தண்ணி மாத்தி விடட்டோ?" "சனிக்கிழமை எங்கட நாயை ஊசிக்குக் கொண்டுபோறம், இவரையும் ஏத்திக்கொண்டு போகட்டோ?" பிளாஸ்டிக் பேசினுக்குப் பதிலாகக் கனமான மண்சட்டி, சங்கிலி முறுக்காமல் சுழலும் கொளுவி, இரண்டு விரல் நுழையக்கூடிய புதுப் பட்டி, நிழலுக்கு ஒரு தகரத் துண்டு: அநேகமான இடங்களில் நிலைமையை மாற்றுவது இவைதான். சிங்கள வீடென்றால், உங்கள் சிங்களம் தடுமாறுமென்றால், நன்றாகக் கதைக்கக்கூடிய அயலவரைக் கூட்டிப்போங்கள். அரைகுறை மொழியில் சொன்ன அக்கறை அதட்டலாகக் கேட்கும். வளவு பார்க்கிறவரோடு மட்டும் கதைத்துவிட்டு வராதீர்கள். வெளிநாட்டிலிருக்கிற உரிமையாளரின் வட்ஸ்அப் இலக்கத்தை வாங்கி, மூன்று நாள் படத்தைத் திகதியோடு அனுப்புங்கள். ஃபிளாட்டென்றால் முகாமைத்துவக் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள்.

எதுவும் அசையாவிட்டால் அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு. நாயை அடித்துக்கொண்டிருப்பதைக் கண்ணால் கண்டால் 119. விலங்குகளுக்கான கொடுமையைத் தடுக்கும் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் என்று பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சில நிலையங்களில் நீங்கள் சொன்னால்தான் ஞாபகம் வரும். அபராதம் நூறு ரூபாவைத் தாண்டாத பழைய சட்டம், மூன்று மாதம் வரை மறியலும் உண்டு. சட்ட ஆணைக்குழு 2006இல் புதிய விலங்கு நலச் சட்டமூலமொன்றை வரைந்து கொடுத்தும், அது வருடக்கணக்காக இழுபட்டது வெட்கக்கேடு. இருந்தாலும் பழைய சட்டத்தை வீணென்று தள்ள முடியாது. பொலிஸ் கூப்பிட்டு விசாரித்தாலே பல வீடுகளில் தண்ணீரும் நிழலும் வந்துவிடும். தமிழும் அரச கரும மொழி, தமிழில் முறைப்பாடு கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்துக் கேட்டால், வாசித்து விளங்கப்படுத்தும் வரை போடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

இடையில் நாய் கடித்துவிட்டால், சிறு கீறலென்றாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய்க்கடி ஊசி அங்கே இலவசம்.

சிலவேளை வீட்டுக்காரரே "அவ்வளவு கவலையெண்டால் நீங்களே கொண்டுபோங்கோவன்" என்பார். ரோசத்தில் சொன்னதா, உண்மையாகவே சொன்னதா என்று ஒருநாள் விட்டுக் கேளுங்கள். உண்மையென்றால் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: நாயின் நிறம், வயது, கொடுக்கிற திகதி, அவருடைய பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து. ஊசி அட்டையையும் கேட்டு வாங்குங்கள். வீட்டில் வேறு நாய் இருந்தால் புதியவரை இரண்டு கிழமைக்கு வேறாக வைத்து, முதல் நாளே உண்ணிக்கு மருந்து போடுங்கள்.