பஞ்சுச் சட்டை சத்தம் போடுமா?

பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் நேற்றும் அதே கதை. என் திருடன் காவலாளிக்குப் பின்னால் பூனை மாதிரி நழுவுகிறான், உடனே ஆட்டத்தை நடத்துகிறவர், "நீ போட்டிருப்பது பேடட் ஆர்மர், பகடையை ரெண்டு தடவை உருட்டு, சின்ன எண்ணை எடு" என்கிறார். விழுந்தது 17, அப்புறம் 3. போச்சு.

ஐயா, அது துணிக்குள் பஞ்சு வைத்துத் தைத்த சட்டை! இந்த ஆட்டத்தின் 2014 விதிகளில் அது சத்தம் போடுமாம், ஆனால் நெஞ்சை மூடும் 20 பவுண்டு இரும்புத் தகடு மட்டும் மௌன விரதமாம். எந்தக் கொல்லன் அடித்தானோ!

அப்புறம் அந்த ஸ்டட்டட் லெதர். தோலில் நாலு ஆணி அடித்தால் கவச எண், அதாவது நம்மை அடிக்க எதிரி பகடையில் எட்ட வேண்டிய எண், 11-லிருந்து 12 ஆகிவிடுமா? எதிரியின் கத்தி தேடிவந்து ஆணித் தலையிலேயே இறங்குமா? சுறுசுறுப்பில் +5 வைத்திருக்கிறவன் 45 பொற்காசுக்கு அதை வாங்கி மாட்டினால் 12-உடன் அந்த 5-உம் சேர்ந்து 17. இன்னொருவன் 1500 பொற்காசு சேர்த்து, 65 பவுண்டு சுமந்து, 10 நிமிடம் மூச்சு வாங்க மாட்டிக்கொண்டு தலை முதல் கால் வரை இரும்பாகி நின்றால் 18. ஒரே ஒரு எண் கூடுதல்! இதற்கா அத்தனை குகைக்குள் நுழைந்து அடி வாங்கினோம்? ஹைட் ஆர்மரை, அதாவது தடித்த விலங்குத் தோல் கவசத்தை, ஆசையாக வாங்கியவர் யாராவது இருந்தால் காட்டுங்கள், காலில் விழுகிறேன்.