டோக்கியோவில் இருந்தும் பேச வராதவர்கள்

"ஜப்பானில் ஒரு வருடம் இருந்தால் போதும், மொழி தானாக ஒட்டிக்கொள்ளும்" என்று ஏஜென்டுகள் சொல்வதை நம்பி இன்பாக்ஸில் வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை, இங்கேயே எழுதிவிடுகிறேன். ஒட்டிக்கொள்ளாது. போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை, நானும் மொழிப்பள்ளி வழியாகத்தான் இங்கே வந்தேன். ஆனால் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதைவிட, தினமும் யாருக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டிய நிலையில் இருக்கிறோம் என்பதுதான் மொழியைக் கொடுக்கிறது.

முதலில் கணக்கைப் பாருங்கள். மொழிப்பள்ளியில் வாரத்துக்கு 20 பாடவேளை, காலையிலோ மதியத்திலோ அரை நாள். பாடவேளை என்பது 45 நிமிடம். ஆண்டுக்குக் குறைந்தது 760 பாடவேளை நடத்த வேண்டும். மொழிப்பள்ளி மாணவராக அதிகபட்சம் 2 ஆண்டுதான் இருக்க முடியும். எல்லாம் கூட்டினால் 1,500 பாடவேளையை ஒட்டி வரும், மணிக்கணக்கில் 1,100 சொச்சம்தான். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஜப்பானிய மொழி கற்பிக்க 2,200 வகுப்பு மணி ஒதுக்குகிறது. அவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு முழுநேரம் படிக்கிறவர்கள். சரி, அது ஆங்கிலக்காரர்களுக்கான கணக்கு, நமக்குக் கொஞ்சம் குறையும். நம்மைப் போலவே வினை கடைசியில் வருகிறது, உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. அதனால் 'மின்னா நோ நிஹோங்கோ' என்ற பாடநூலின் முதல் புத்தகத்தில் நம்மவர்கள் பறப்பார்கள். அப்புறம் கான்ஜி வரும், அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகள். அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு வைத்திருக்கும் பட்டியலிலேயே 2,136 எழுத்துகள். வகுப்பில் பக்கத்தில் இருக்கும் சீன மாணவர் வாசிக்கத் தெரியாமலேயே பாதிப் பத்தியின் பொருளைப் பிடித்துவிடுவார். வகுப்பு அவர் வேகத்துக்குத்தான் ஓடும்.

மிச்ச அரை நாள் முழுக்க ஜப்பான்தானே, வெளியே போனால் மொழிதானே என்பீர்கள். சிக்கலே அங்கேதான். பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு 7, 8 லட்சம் யென். வாடகை வேறு. ஊரில் வாங்கிய கடன் வேறு. மாணவர் விசாவில் அனுமதி வாங்கி வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை செய்யலாம், அதில் நல்ல பணம் தருவது இரவு வேலை. மொழி தெரியாதவரையும் கூப்பிட்டுக்கொள்வது பெண்டோ எனும் சாப்பாட்டு டப்பா தயாரிக்கும் தொழிற்சாலை. கன்வேயர் பெல்ட்டில் வரும் டப்பாவில் ஒருவர் சோறு, அடுத்தவர் பொரித்த மீன், அடுத்தவர் ஊறுகாய். இந்தப் பக்கம் நேபாளத்துக்காரர், அந்தப் பக்கம் வியட்நாம்காரர். விடியும் வரை நாலு வார்த்தை போதும். விடிந்ததும் வகுப்புக்கு வந்து தூங்குவார்கள். வருகைப்பதிவு குறைந்தால் விசா நீட்டிப்புக்கு ஆபத்து, அதனால் உடம்பு மட்டும் பெஞ்சில் இருக்கும். அவர்களைச் சோம்பேறிகள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

கொம்பினி, அதாவது தெருவோரச் சின்ன சூப்பர் மார்க்கெட், அதன் கவுன்டர் வேலை பரவாயில்லை என்பார்கள். ஓரளவுக்குத்தான். சூடாக்கவா, பாயின்ட் கார்டு இருக்கிறதா, பை வேண்டுமா (2020 ஜூலையில் பைக்குக் காசு வாங்க ஆரம்பித்த பிறகு இந்தக் கேள்வி எல்லோரிடமும்) என்று அர்ச்சனை மந்திரம் மாதிரி ஒப்பித்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம். ஒரு வாக்கியம்கூடச் சொந்தமாகக் கட்டவேண்டியிருக்காது. எனக்கு மொழி வந்தது ஒரு சின்ன இசகாயாவில் (குடியும் சாப்பாடும் கிடைக்கும் கடை) தட்டு தூக்கியபோது. குடித்துவிட்டுக் குழறுகிறவர், ஒசாகா பேச்சில் கிண்டல் செய்கிறவர், "இன்றைக்கு என்ன மீன் நன்றாக இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காக முகத்தையே பார்க்கிறவர் என்று எல்லாரும் வருவார்கள். எதையும் மனப்பாடம் செய்து சமாளிக்க முடியாது. சம்பளம் தொழிற்சாலையைவிடக் குறைவுதான்.

இன்னொன்று, குடியிருப்பு. டோக்கியோவின் எதோகாவா வார்டில் நிஷி கசாய் இருக்கிறது. இந்திய ஐடி ஆட்கள் நிறைந்த பகுதி. பருப்பு, மசாலா, மாவு எல்லாம் கிடைக்கும். அறையில் நாலு பேரும் தமிழ் என்றால் இரவுச் சாப்பாட்டில் ஐபிஎல் பேச்சுதான். குறை சொல்லவில்லை. வெளிநாட்டவர் என்றதும் வீடு தர மறுக்கும் உரிமையாளர்கள் இன்னும் இருக்கிறார்கள், உத்தரவாதம் கேட்பார்கள், கடைசியில் தெரிந்தவர் அறைக்குத்தான் போக வேண்டியிருக்கும். ஆனால் அங்கே இருந்துகொண்டு 'ஜப்பானில் மூழ்கிக் கற்கிறேன்' என்று சொல்வதில் அர்த்தம் இல்லை.

எதிர்ப்பக்கத்துக்கு டொனால்ட் கீனைப் பாருங்கள். ஜப்பானிய இலக்கியத்தை ஆங்கில உலகத்துக்குக் கொண்டுபோனவர். 1942இல் அமெரிக்கக் கடற்படையின் ஜப்பானிய மொழிப் பள்ளியில் சேர்ந்து பதினோரு மாதம் படித்தார். அதுவரை ஜப்பானில் கால் வைத்ததில்லை. சிறு சிறு வகுப்புகள், நாள் முழுக்க அதே வேலை. படித்து வெளியே வந்து, போர்முனையில் கிடைத்த ஜப்பானிய வீரர்களின் கையெழுத்து நாட்குறிப்புகளைப் படித்து மொழிபெயர்த்தார். கியோட்டோவுக்குப் படிக்க வந்தது 1953இல்தான். 2012இல் ஜப்பான் குடியுரிமையே வாங்கிவிட்டார். அவர் அசாதாரணமானவர், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மூழ்குவதற்கு விமான டிக்கெட் கட்டாயம் இல்லை என்பதற்கு அவரைவிடச் சாட்சி வேண்டாம்.

தேர்வை வைத்தும் ஏமாறாதீர்கள். ஜேஎல்பிடி என்கிற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு முழுக்கச் சரியான விடையைக் குறிக்கிற தேர்வு. பேச்சும் கிடையாது, எழுத்தும் கிடையாது. அதில் மேலிருந்து இரண்டாவது நிலையான என்2 சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு பல் டாக்டருக்கு போன் செய்யப் பயப்படுகிறவர்களை எனக்குத் தெரியும்.

சரி, போகத்தான் போகிறேன் என்கிறவர்களுக்கு. கீழிருந்து இரண்டாவது நிலையான என்4 அளவு வரை ஊரிலேயே படித்து முடியுங்கள். இங்கே வந்து ஹிரகானா என்ற அடிப்படை எழுத்துகளை எழுதிப் பழகுவதைப் போல விலை உயர்ந்த படிப்பு வேறில்லை. டோக்கியோவுக்கு வெளியேயும் பாருங்கள். வடக்கே ஹொக்கைதோ தீவின் ஹகோதாதே நகரில் கோடைக்காலத்தில் ஜப்பானியக் குடும்பத்தோடு தங்கிப் படிக்கும் எட்டு வாரத் திட்டம் ஒன்று இருக்கிறது. குறுகிய காலம்தான், ஆனால் சாப்பாட்டு மேசையில் தப்பிக்க வழி இல்லை. சிறு ஊரில் மணிக்கூலி குறைவு, வேலையும் எளிதில் கிடைக்காது, அதையும் கணக்கில் வையுங்கள். எங்கே இருந்தாலும் அந்தப் பகுதி சமூகக் கூடத்தில் தன்னார்வலர்கள் நடத்தும் வகுப்பைத் தேடிப் போங்கள். கட்டணம் பெரும்பாலும் இலவசம் அல்லது சொற்பம். ஓய்வுபெற்ற பாட்டிமார் உட்கார்ந்து, நீங்கள் திக்கித் திணறுவதை அவசரமில்லாமல் கேட்பார்கள்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது வகுப்பில் எந்தெந்த நாட்டவர் எத்தனை பேர் என்று எழுத்தில் கேளுங்கள். பாதிக்கு மேல் ஒரே நாட்டவர் என்றால் இடைவேளையில் என்ன மொழி ஓடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பதில் தர மழுப்புகிற பள்ளியை விட்டுவிடுங்கள். ஏப்ரல் சேர்க்கைக்குப் பல பள்ளிகள் முந்தைய நவம்பரோடு விண்ணப்பத்தை மூடிவிடும், அதனால் ஏஜென்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இந்த மெயிலை அனுப்பிவிடுங்கள்.